அறுக்காத ஆபரேஷன்

யாருக்காவது கண்ணின் வெள்ளை மஞ்சளாகத் தெரிந்தால், கீழாநெல்லியை அரைத்து மோரில் கலந்து கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். நாங்கள் அப்படித்தான் இருந்தோம். என் வீட்டுக்காரர் சவரிமுத்துவுக்கு வலது விலாவுக்குக் கீழே வலி வந்து வந்து போனது. வாயு என்று சொல்லி ஓமத்தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். கண் மஞ்சளானதும் காமாலை என்று முடிவு கட்டி, கல்லறைத் தோட்டம் இருக்கிற மூலக்கொத்தளத்தில் பச்சிலை கொடுக்கும் ஒருவரிடம் கூட்டிப்போனேன். "மருந்து வாங்க இட்டாந்தியா, இல்ல கல்லறையில எடம் பார்க்க இட்டாந்தியா?" என்று என் வீட்டுக்காரர் வழியெல்லாம் கேலி பண்ணிக்கொண்டு வந்தார். நானும் சிரித்தேன். இப்போது அந்தச் சிரிப்பை நினைத்தால் நெஞ்சு எரிகிறது.

நாங்கள் ராயபுரத்துக்காரர்கள். கோயில் மணி கேட்கும் தூரத்தில் இரண்டு அறை வீடு, ஒரே மகள் ஸ்டெல்லா. அவர் துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்குகிற சரக்கை நின்று எண்ணி, என்ன வந்தது, எத்தனை வந்தது, எந்த நிலையில் வந்தது என்று எழுதுகிற வேலை. கப்பல்களுக்குச் சரக்கு ஏற்றி இறக்குகிற ஒரு தனியார் கம்பெனியில் இருந்தார். அந்தக் கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம்.

அவர் எப்படிப்பட்ட ஆள் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பிறகு நடந்தது புரியாது. ஒருமுறை கொக்கி பட்டு நிறைய மூட்டைகள் கிழிந்து சரக்கு கொட்டிவிட்டது. 'அந்த மூட்டைகள் கப்பலில் வரவேயில்லை' என்று எழுதச் சொல்லி மேலே இருந்து ஆள் வந்தது. இவர், 'வந்தது, இங்கே கிழிந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டார். அதற்குத் தண்டனையாக வெகுநாள் ஓவர்டைம் கொடுக்கவில்லை. அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு ஸ்டெல்லாவுக்குப் புதுத்துணி இல்லை. தெருவில் நான்கு பேரிடம் பெருமையாகச் சொன்னேன், வீட்டுக்குள் அவரைப் பிடித்துத் திட்டினேன். அப்படித்தான் அவரோடு குடும்பம் நடத்தினேன்.

மஞ்சள் முற்றி, சிறுநீர் கறுத்து, உடம்பெல்லாம் அரிப்பு எடுத்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனோம். பித்தப்பையில் கல் என்றார்கள். ஈரலில் ஊறுகிற பித்தநீரைச் சேர்த்து வைக்கிற சின்னப் பை அது. அங்கிருந்து ஒரு மெல்லிய குழாய் குடலுக்குப் போகிறது. பையில் உண்டான கல் நழுவி அந்தக் குழாயை அடைத்தால் பித்தநீர் குடலுக்குப் போகாமல் ரத்தத்தில் ஏறும், கண் மஞ்சளாகும். வயிற்றைத் திறந்து பையையும் குழாயை அடைத்த கல்லையும் எடுத்தார்கள். கம்பெனி அதற்குப் பணம் கட்டியது, ஒரு தகராறும் இல்லை.

திறந்து மூடும்போது பித்தக்குழாயில் ஒரு ரப்பர் குழாயை வைத்து, அதன் நுனியை வயிற்றுக்கு வெளியே விட்டு ஒரு பாட்டிலில் சேர்த்திருந்தார்கள். உள்ளே இருக்கிற முனை இங்கிலீஷ் 'டி' எழுத்து மாதிரி இருக்குமாம், அதனால் டி-குழாய் என்று பெயர். பித்தநீர் சொட்டுச் சொட்டாகப் பாட்டிலில் இறங்கும். அதை எடுத்துவிடுவதற்கு முன்னால், அந்த வழியாகச் சாயமருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பது வழக்கம். பார்த்தார்கள். குழாயின் அடியில் இன்னும் ஒரு கல் உட்கார்ந்திருந்தது.

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மறுபடி வயிற்றைத் திறக்க வேண்டுமா என்று கேட்டதற்கு, வேண்டியதில்லை என்றார் சர்ஜன். ஊருக்குள் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் புது எக்ஸ்ரே மிஷின் வந்திருக்கிறது, படம் டி.வி. பெட்டியில் தெரிவது போல ஓடிக்கொண்டே தெரியும். ஐந்தாறு வாரம் போனால் ரப்பர் குழாயைச் சுற்றி உடம்பே ஒரு பாதை கட்டிக்கொள்ளும். அப்போது குழாயை உருவிவிட்டு, அந்தப் பாதை வழியாகவே ஒரு கம்பிக் கூடையை விட்டு, படத்தைப் பார்த்தபடி கல்லைப் பிடித்து வெளியே இழுத்துவிடலாம். மயக்கமருந்து இல்லை, கத்தி இல்லை, தையல் இல்லை. எனக்கு உயிர் திரும்பி வந்தது.

பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெஞ்சு நிறைய ஆட்கள், டெட்டால் வாசனை, மருந்துச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு தூங்கி விழுகிற முகங்கள். எக்ஸ்ரே டாக்டர் சின்ன வயசுக்காரர். படத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "எடுத்துடலாம். குழாய் மட்டும் மடங்காம பார்த்துக்கோங்க. எந்தக் காரணத்தைக் கொண்டும் கட்டக் கூடாது. பாட்டில் எப்பவும் வயித்துக்குக் கீழேயே இருக்கணும்" என்றார். கம்பெனியின் சம்மதக் கடிதம் வந்தால் தேதி கொடுப்பதாகச் சொல்லி, பில் கவுன்ட்டருக்கு அனுப்பினார்.

அங்கே இருந்தவர் எத்திராஜ், புளியந்தோப்புப் பையன். நல்ல மனசு. எங்கள் கம்பெனியின் கட்டணப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். ஒவ்வொரு வைத்தியத்துக்கும் அதில் ஒரு நம்பர் உண்டு. அந்த நம்பரைப் போட்டால்தான் பில் பாஸாகும்.

"குடல்வால் எடுத்தா ஒரு நம்பர், பித்தப்பை எடுத்தா ஒரு நம்பர். உங்களுக்குப் பண்ணப் போறது புது வைத்தியம்ணே. அதுக்கு இன்னும் நம்பரே போடல" என்றார்.

"அப்போ இன்னா பண்றது?" என்று நான் கேட்டேன்.

"பேஜாரு ஒண்ணும் இல்ல அண்ணி. எக்ஸ்ரேன்னு போட்டா படத்துக்கு மட்டும்தான் துட்டு வரும், படுக்கையும் கெடைக்காது. வயித்தைத் தெறந்து கல்லு எடுக்குறதுக்கு ஒரு நம்பர் கீது, அதைப் போட்டுக்கலாம். எப்படி எடுத்தா இன்னா, கல்லு வெளிய வரப் போவுது. அண்ணன் கீழே ஒரு கையெழுத்துப் போட்டா உடனே லெட்டர் வந்துரும்." பேனாவையும் திறந்து நீட்டினார்.

என் வீட்டுக்காரர் பேனாவை வாங்கவில்லை. "அறுக்கப் போறாங்களா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே."

"தையல் போடுவாங்களா?"

"அதுவும் இல்ல."

"அப்புறம் ஆபரேஷன்னு எப்படிக் கையெழுத்துப் போடுறது?"

எத்திராஜ் என்னைப் பார்த்தார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். இவரோ புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, சரக்குக் கணக்குப் பார்ப்பது போல ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். கடைசியில் ஒரு வரியில் விரல் நின்றது. 'வெளியிலிருந்து உடலுக்குள் போன பொருளை எக்ஸ்ரே பார்த்து எடுத்தல்.' நாலணாவை விழுங்கின பிள்ளை, தொண்டையில் சிக்கின மீன்முள், இப்படிப்பட்டவற்றுக்கான நம்பர்.

"இதான் மேரி. அறுக்கல, பார்த்து எடுக்குறாங்க. இதான் கரெக்ட்டு" என்றார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அந்த நம்பருக்குக் கம்பெனியிடம் தனியாகச் சம்மதம் கேட்க வேண்டும், நாளாகும் என்று எத்திராஜ் எச்சரித்தார். "எப்படியும் ஆறு வாரம் காத்துக்கினு தானே இருக்கணும்" என்று சொல்லி, அங்கேயே மனு எழுதினார்.

வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தேன். "அவனே எழுதிக்கிறேன்றான், உனக்கு இன்னாய்யா? உன் வயித்துல கீறது கல்லா, கப்பல்ல வந்த மூட்டையா?"

"தப்பா எழுதினது நாளைக்குத் தெரிஞ்சா வேலை போயிடும் மேரி. இத்தினி வருஷமா ஒரு தப்புக் கையெழுத்து போட்டதில்ல."

"உசுரு போச்சின்னா?"

"கல்லு எங்க ஓடப்போவுது?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு முன்னால் எனக்குக் கோபம் நிற்காது, அதுதான் என் கேடு.

அந்த வாரங்களை ஒரேயடியாகத் துக்கம் என்றும் சொல்ல மாட்டேன். ஸ்டெல்லா பள்ளிக்கூடம் போவதற்கு முன் பாட்டிலைக் கழுவி, வெந்நீர் ஊற்றி வைப்பாள். முகம் சுளித்ததே இல்லை. பாட்டில் எவ்வளவு நிறைந்தது என்று அப்பாவும் மகளும் பந்தயம் கட்டுவார்கள். என் தம்பி லாரன்ஸ் காசிமேட்டில் படகு வைத்திருக்கிறான். முன்பெல்லாம் மாமனுக்கென்று வஞ்சிரத் துண்டு கொண்டு வருவான். எண்ணெய் ஆகாது என்று டாக்டர் சொன்னதிலிருந்து மீனைக் கண்ணில் காட்டாமல், சாத்துக்குடி வாங்கி வந்தான். மீன் வாசனை அவருக்குக் குமட்டும் என்பதால், தெருக்குழாயில் தலையோடு குளித்துவிட்டு ஈரத்தோடுதான் வாசல்படி ஏறுவான்.

ஆறு வாரம் போனது. கம்பெனியிலிருந்து பதில் இல்லை. ஏழாவது வாரமும் போனது. நான் ஒரு நாள் அழுதேன், ஒரு நாள் சாப்பிடாமல் கிடந்தேன், ஒரு நாள் பேசாமலே இருந்து பார்த்தேன். லாரன்ஸ் ஒரு பணப்பையைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தான். "புது வலைக்கு எடுத்து வெச்சது மாமா. இத்தைக் கட்டிட்டு கல்லை எடுத்துக்கலாம். உன் கம்பெனிகாரன் அப்புறம் மெதுவா யோசிச்சிக்கட்டும்."

"கம்பெனி குடுக்க வேண்டியதுக்கு நீ ஏன்டா வலைய வுடணும்?" என்று பையை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். ஆனால் அதன்பிறகு அவருக்கும் இருப்புக்கொள்ளவில்லை. பில் பாஸ் பண்ணுகிற சூப்பிரண்டை நேரில் பார்த்துப் பேசிவிடுவதாகச் சொல்லி, மறுநாள் காலையில் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு துறைமுகத்துக்குப் புறப்பட்டார். பாட்டிலை வழக்கம்போலத் துணிப்பையில் வைத்துத் தொங்கவிட்டுத்தான் கிளம்பினார், நான் என் கண்ணால் பார்த்தேன்.

சூப்பிரண்டு அன்றைக்கு ஆபீசில் இல்லை. சரக்கு பார்க்கக் கப்பல் மேல் ஏறியிருந்தார். அவர் இறங்கி வரும்வரை கீழே காத்திருந்திருக்கலாம். இவருக்குப் பொறுக்கவில்லை. ஆனால் பாட்டிலும் குழாயுமாக இருக்கிற நோயாளியைக் கப்பலில் ஏறவிட மாட்டார்கள். அதோடு, கூட வேலை பார்க்கிறவர்கள் அந்த மஞ்சள் தண்ணீரைப் பார்ப்பார்கள். இவர் கிடங்கின் மறைவில் போய், குழாயை இரண்டாக மடக்கி, மூட்டை தைக்கிற சணல் நூலால் இறுகக் கட்டி, பெல்ட்டுக்குள் செருகி, மேலே சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு ஏணியில் ஏறிவிட்டார். சூப்பிரண்டு கூப்பிட்டுப் பேச மத்தியானம் ஆனது. பேசி முடித்து, பழகின ஆட்களோடு நின்று, வீட்டுக்கு வர சாயங்காலம் ஆகிவிட்டது. நூலை அவிழ்க்கவேயில்லை.

வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும், "அவரு சொல்றதும் சரிதான் மேரி" என்றார்.

"யாரு?"

"சூப்பிரண்டு. வெளிப்பொருள்னா வெளியிலேர்ந்து உள்ள போயிருக்கணும். இது எனக்குள்ளயே உண்டானது. என் சொந்தக் கல்லு. அத்தைப் போயி வெளிப்பொருள்னு எழுதினா தப்புதானே? எனக்கு இது தோணவேயில்ல பாரு."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தன்னை வாழவிடாத ஒருத்தன் சொன்னதில் நியாயம் இருக்கிறது என்று இந்த மனுஷன் சந்தோஷப்பட்டுக்கொண்டு வந்திருக்கிறார்! ஏதோ கத்த வாயெடுத்தேன். அப்போதுதான் அவர் பல் கிட்டித்து நடுங்குவதைப் பார்த்தேன். சட்டையைத் தூக்கினால் சணல் நூல். அவிழ்த்ததும் பித்தநீர் கலங்கலாக, கெட்ட நாற்றத்தோடு கொட்டியது.

"இன்னா காரியம்யா பண்ணிகினு வந்தே?"

"பாட்டிலோட ஏறினா அத்தினி பேரும் பார்ப்பாங்க மேரி" என்றார், தப்புச் செய்த பிள்ளை மாதிரி.

லாரன்ஸ் டாக்ஸி பிடித்து வந்தான். வலைக்கு வைத்திருந்த அந்தப் பணப்பையைக் கவுன்ட்டரில் வைத்து இடம் வாங்கினான். இந்தத் தடவை அவரால் மறுக்க முடியவில்லை. எக்ஸ்ரே டாக்டர் ஓடி வந்தார். அடைபட்ட பித்தநீரில் கிருமி பெருகிவிட்டது, கல்லை எடுத்தால்தான் வழி திறக்கும் என்றார். ஊசிமேல் ஊசி போட்டார்கள். விடிந்ததும் எக்ஸ்ரே அறைக்குக் கொண்டுபோனார்கள்.

என்னைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்கவிட்டார்கள். அதுவரை டி.வி. பெட்டியை நான் கடை வாசலில்தான் பார்த்திருக்கிறேன். அதில் முதன்முதலாக ஒழுங்காகப் பார்த்தது என் புருஷனின் வயிற்றை. சாயம் போனதும் பித்தக்குழாய் ஒரு கோடாகத் தெரிந்தது. கோட்டின் அடியில் ஒரு சின்ன இடைவெளி. அதுதான் கல். டாக்டர் மெல்லிய கம்பியை உள்ளே விட்டார். அதன் நுனியில் கூடை விரிந்தது. கல் நழுவியது. மறுபடி விரித்தார், மறுபடி நழுவியது. மாதாவே, மாதாவே என்று கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்புறம் ஒரு தடவை கூடை மூடிக்கொண்டபோது கல் உள்ளே இருந்தது. அவ்வளவுதான், முடிந்துவிட்டது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

பஞ்சில் வைத்துக் காட்டினார்கள். கடலைப்பருப்பு அளவுகூட இல்லை. அவர் கண்ணைத் திறந்து, "வந்துடுச்சா?" என்று கேட்டார்.

"வந்துடுச்சுய்யா."

"எழுதிக்கோ மேரி. உருப்படி ஒண்ணு. சேதாரம் இல்ல" என்றார். நானும் நர்சும் சிரித்துவிட்டோம்.

நான் சிரித்தது அதுதான் கடைசி. கல் வந்தது, காய்ச்சல் போகவில்லை. டாக்டர் என்னைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டு, "பாதை திறந்துடுச்சும்மா. ஆனா அதுக்குள்ள கிருமி ரத்தத்துல கலந்துடுச்சு. சிறுநீர் இறங்கலை. எங்களால ஆனதைச் செய்யறோம்" என்றார். ஒரு வாரம் முன்னால் வந்திருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு நடந்து போயிருப்பார் என்று அவர் சொல்லவில்லை. சொல்லாமலே எனக்குத் தெரிந்தது.

எத்திராஜ் வார்டு வழியாகப் போகும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு போனார். பில் ஏறிக்கொண்டே இருந்தது. எந்த நம்பரும் இல்லாமல் அது கம்பெனிக்குப் போக முடியாது. ஆனாலும் அவர் எங்களிடம் வந்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் அதைக் கவனித்துக்கொண்டே படுத்திருந்திருக்கிறார்.

மறுநாள் மத்தியானம், நான் அவர் உதட்டைத் துணியால் நனைத்துக்கொண்டிருந்தேன். "மேரி, எத்திராஜைக் கூப்புடு" என்றார்.

"எதுக்கு?"

"ஆபரேஷன்னே போட்டுக்கச் சொல்லு. கையெழுத்துப் போடுறேன்."

இந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை வாரம் மன்றாடியிருப்பேன்! ஆனால் எழுந்து வேலைக்குப் போகப் போகிற சவரிமுத்து இதைச் சொல்ல மாட்டார். டாக்டர் சொன்னபோது நான் நம்பவில்லை. இவர் இதைச் சொன்னபோது நம்பினேன்.

"வேணாம்யா" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "நீ சரியானதையே எழுது. துட்டு வரலேன்னா போவட்டும்."

"லாரன்ஸோட வலை…"

"வலை போனா போவட்டும்."

"நீயும் பாப்பாவும் கடனோட நிக்கக் கூடாது. கூப்புடு மேரி."

எத்திராஜ் காகிதத்தோடு வந்தார். லாரன்ஸ் பின்னாலிருந்து என் வீட்டுக்காரரைத் தூக்கி உட்காரவைத்தான். அந்த நிலையிலும் படித்துப் பார்க்காமல் அவர் கையெழுத்துப் போடவில்லை. 'வயிற்றைத் திறந்து பித்தக்குழாயிலிருந்து கல் நீக்கிய அறுவை' என்ற வரியை உதடு அசைய வாசித்தார். பிறகு போட்டார். கோடு போட்டது போல நேராக நிற்கும் அவருடைய கையெழுத்து சரிந்து கீழே இறங்கியது.

"அறுக்கல, எத்திராஜு. உனக்குத் தெரியும்ல?"

"தெரியும்ணே."

"அது போதும்" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

எத்திராஜ் தாழ்வாரத்தில் சுவரோரம் திரும்பி நின்று அழுதார். அடுத்த நாள் காலை, ஸ்டெல்லா அப்பாவின் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருக்கும்போதே என் வீட்டுக்காரரின் மூச்சு நின்றுபோனது. பைபிள் சங்கீதம் சொல்லத் தெரிந்த ஒரு நர்சு பக்கத்தில் இருந்தாள். எனக்கு ஜெபமும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. 'யோவ், யோவ்' என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தேனாம். லாரன்ஸ் சொன்னான்.

கம்பெனி ஒரு கேள்வி கேட்கவில்லை. எல்லாம் சரியாக இருக்கிறது என்று அந்தச் சூப்பிரண்டே ஒப்பமிட்டு முழுப் பணத்தையும் அனுப்பினார். லாரன்ஸுக்கு வலை வந்தது. எங்களுக்குக் கடன் இல்லை.

ஆனால் காகிதத்தில் அப்படி எழுதியிருந்ததால் ஊரிலும் அப்படியே ஆகிவிட்டது. துறைமுகத்தில் அப்படித்தான் பேசிக்கொண்டார்கள். துக்கம் கேட்க வந்தவர்களும், "ரெண்டாவது ஆபரேஷன்ல போயிட்டாராமே?" என்றுதான் ஆரம்பித்தார்கள். இன்றைக்கும் மார்க்கெட்டில், கோயில் வாசலில், யாராவது ஒருத்தர் அப்படிக் கேட்கிறார்கள். நான் கூடையைக் கீழே வைத்துவிட்டு நின்று சொல்கிறேன்: "ஆபரேஷன் இல்லீங்க. அவரை யாரும் அறுக்கல. கல்லைப் பார்த்து எடுத்தாங்க." அவர்களுக்கு அது ஏன் அவ்வளவு முக்கியம் என்று புரியாது. சரிசரி என்று தலையாட்டிவிட்டுப் போவார்கள். அவர்கள் போன பிறகும் இன்னொரு தடவை, யாரும் இல்லாமலே, சொல்லிக்கொள்வேன்.